பழங்காலக் கட்டடத்தில் ஹீட்டிங்கை மாற்றுவது: பாய்லரைத் தொடுவதற்கு முன்

வந்த கேள்வி இது: "எங்கள் பொறுப்பில் இருப்பது சுமார் 150 ஆண்டு பழைய கல் கட்டடம், பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் உள்ளது. கீழே உயரமான கூரையுடன் ஒரு பெரிய மண்டபம். மேலே ஆறேழு அறைகள், அதில் அலுவலகமும் சிறிய நூலகமும். எண்ணெயில் ஓடும் பாய்லர் முடியும் தறுவாயில் இருக்கிறது. ரேடியேட்டர்கள் எல்லாம் கனத்த வார்ப்பிரும்பு. பார்க்க வந்த ஒருவர் 'பழைய கட்டடத்துக்கு ஹீட் பம்ப் சரிப்படாது, புதிய பாய்லரே போடுங்கள்' என்கிறார். இன்னொருவர் 'ரேடியேட்டரையெல்லாம் கழற்றிவிட்டுத் தரைக்கு அடியில் குழாய் பதித்தால்தான் ஹீட் பம்ப் வேலை செய்யும்' என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் தள்ளி வையுங்கள். (ரேடியேட்டர் என்பது உள்ளே வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புச் சாதனம்; ஹீட் பம்ப் என்பது வெளியே காற்றிலோ நிலத்திலோ நீரிலோ இருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் எடுத்து அந்தத் தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரம்.) உங்கள் கட்டடத்தைக் கதகதப்பாக வைக்க ரேடியேட்டருக்கு எத்தனை டிகிரியில் தண்ணீர் அனுப்பினால் போதும் என்று இருவருமே பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஒரு எண் தெரிந்துவிட்டால் ஹீட் பம்பா பாய்லரா, ரேடியேட்டரா தரையா என்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். கையில் பழைய பாய்லர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் அந்த எண்ணைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

விஷயம் என்னவென்றால், ரேடியேட்டரின் திறனை இன்று அட்டவணையில் போடும்போது, உள்ளே 75 டிகிரியில் தண்ணீர் நுழைந்து 65 டிகிரியில் வெளியேறுகிறது, அறை 20 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது தண்ணீரின் சராசரிக்கும் அறைக்கும் 50 டிகிரி வித்தியாசம். அதே ரேடியேட்டருக்கு 55 டிகிரியில் தண்ணீர் அனுப்பி 45-இல் திரும்பப் பெற்றால் வித்தியாசம் 30 ஆகிறது. வெளிவரும் வெப்பம் ஏறக்குறையப் பாதி. 45-இல் அனுப்பி 40-இல் பெற்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். "பழைய ரேடியேட்டர் ஹீட் பம்புக்கு ஆகாது" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த ரேடியேட்டர் அறைக்குத் தேவையான அளவில்தான் போடப்பட்டது என்று அவர்களாகவே வைத்துக்கொள்கிறார்கள். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. காற்று புகும் ஜன்னல்களையும் திறந்த கணப்புகளையும் மனதில் வைத்து, அதற்கு மேல் ஒரு கை தாராளமாகவும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். பிறகு யாரோ கூரைக்குக் கீழே வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் காப்பு விரித்திருப்பார்கள், கணப்பை அடைத்திருப்பார்கள். தேவை குறைந்திருக்கும், ரேடியேட்டர் அப்படியே இருக்கும்.

அதனால் சோதித்துப் பாருங்கள். வெளியே உறைநிலையை ஒட்டிக் குளிர் இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பாய்லரிலிருந்து கிளம்பும் தண்ணீரை முதலில் 60, பிறகு 55, முடிந்தால் 50 டிகிரிக்கு இறக்குங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று ஓட்டும் வழக்கத்தை அந்த வாரம் மட்டும் விட்டுவிட்டு, இரவும் பகலும் தொடர்ந்து ஓடவிடுங்கள். அரை மீட்டர் தடிமனுள்ள கல் சுவர் நிலைக்கு வர இரண்டு மூன்று நாளாவது ஆகும். அதற்கு முன் முடிவுக்கு வரக் கூடாது. ஒவ்வொரு அறையிலும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் சிறிய டேட்டா லாகர் ஒன்றை வையுங்கள். வாரக் கடைசியில் எந்த அறை 55-இல் தாக்குப்பிடித்தது, எது குளிர்ந்தது என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். பெரும்பாலும் ஓரிரண்டு அறைகள்தான் சிக்கலாக இருக்கும். அந்த அறைகளில் மட்டும் ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் போதும்.

இரண்டு எச்சரிக்கை. உங்களுடைய பாய்லர் புகையின் ஈரத்தைக் குளிரவைத்து வெப்பம் மீட்கும் புதிய வகையாக இல்லாவிட்டால், திரும்பி வரும் தண்ணீர் ரொம்பக் குறைந்த சூட்டில் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் புகையில் உள்ள நீராவி சுமார் 47 டிகிரியில் நீராகப் படியும், எரிவாயுப் புகையில் சுமார் 55 டிகிரியில். அந்த நீர் அமிலத்தன்மை கொண்டது. பாய்லரின் உடலையும் புகைபோக்கியையும் அரிக்கும். எனவே பாய்லரை அதற்கு உகந்த சூட்டில் வைத்துவிட்டு, ரேடியேட்டர்களுக்குப் போகும் தண்ணீரை மட்டும் கலவை வால்வு வைத்துக் குறைப்பது நல்லது. வால்வு இல்லையென்றால் சோதனையை ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, குளிக்கவும் கழுவவும் வெந்நீர் அதே பாய்லரிலிருந்து வந்தால், அந்தத் தொட்டியை 60 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள். லெஜியனெல்லா பாக்டீரியாவுக்கு வெதுவெதுப்பான தொட்டி என்றால் கொண்டாட்டம்.

சூடு குறைந்த தண்ணீரை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு மின்கட்டணம் ஒரு காரணம். ஹீட் பம்ப் தண்ணீரை எவ்வளவு குறைவாகச் சூடேற்ற வேண்டியிருக்கிறதோ அவ்வளவு சிக்கனமாக ஓடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 முதல் 2.5 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று கணக்குப் போடலாம். ஆனால் பழைய கட்டடத்தில் அதைவிடப் பெரிய காரணம் ஈரப்பதம்.

சின்னக் கணக்கு ஒன்று. வெளியே 0 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் (அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஈரமான குளிர்கால நாள்தான். அந்தக் காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஒப்பு ஈரப்பதம் சுமார் 25 சதவீதத்துக்கு விழுந்துவிடும். நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதால் அதே அளவு நீராவி இப்போது குறைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் அறையில் இருக்கும் மரத்துக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. அது தன் ஈரத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சுருங்கும். கதவுப் பலகை பிளக்கும், வண்ணம் தீட்டிய மரத்திலிருந்து வண்ணம் உரியும், புத்தகங்களின் தோல் அட்டை விறைக்கும். சுவரில் உப்பு இருந்தால் இன்னும் மோசம். சாதாரண உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் கரைசலாக இருக்கும், அதற்குக் கீழே படிகமாகும். ஹீட்டிங்கைப் போட்டுப் போட்டு நிறுத்தும்போது காற்று அந்த எல்லையை மேலும் கீழும் தாண்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் பூச்சுக்குள் படிகம் வளர்ந்து பூச்சைத் தள்ளும். சுவரடியில் மாவு மாதிரி உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் வெறும் மழைக்கசிவு என்று விட்டுவிடாதீர்கள்.

இந்தத் துறையில் ஐரோப்பியத் தர விதி ஒன்று உண்டு: 2010-இல் வந்த ஈ.என். 15757. மரம், தோல், துணி போன்றவை உள்ள இடங்களுக்கு 'ஈரப்பதம் 50 சதவீதம் இருக்க வேண்டும்' என்பது போல ஒரே எண்ணை அது விதிப்பதில்லை. அந்தப் பொருள்கள் இத்தனை காலம் எந்தச் சூழலுக்குப் பழகியிருக்கின்றனவோ அதைப் பதிவுசெய்து, 30 நாள் நகரும் சராசரியிலிருந்து எவ்வளவு ஏற்ற இறக்கம் இதுவரை இருந்தது என்று பார்த்து, அதற்கு மேல் போகாமல் காக்கச் சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த அணுகுமுறை இது. உங்கள் நூலக அலமாரி 150 ஆண்டாக 60 சதவீத ஈரப்பதத்தில் நிம்மதியாக நின்றிருந்தால், அதை '45-தான் ஆரோக்கியம்' என்று சொல்லி உலர்த்துவது உதவி ஆகாது. இதற்கு ஓராண்டுப் பதிவாவது வேண்டும். லாகர்களை இப்போதே வைக்கச் சொல்வது அதற்காகவும்தான்.

இனி இடம் இடமாகப் பார்ப்போம். உங்கள் கட்டடத்தில் உண்மையில் இரண்டு வேறு கட்டடங்கள் இருக்கின்றன: தினமும் ஆள் புழங்கும் மேல்தளம், எப்போதாவது நிறையும் மண்டபம். இரண்டுக்கும் ஒரே அமைப்பு, ஒரே வெப்பநிலை என்று யோசிப்பதில்தான் பணம் வீணாகிறது.

மேல்தளத்துக்கு நான் சொன்ன வழியே போதும்: குறைந்த சூட்டில் தண்ணீர், நாள் முழுக்க நிதானமாக, வெளியே குளிர் கூடக் கூடத் தண்ணீரின் சூட்டைத் தானே சிறிது ஏற்றும் கட்டுப்பாட்டுடன். இரவில் முழுவதும் அணைக்க வேண்டாம். இரண்டு டிகிரி இறக்கினால் போதும்.

நூலகத்தை மட்டும் தனி மண்டலமாகப் பிரித்து, வெப்பநிலையை வைத்து இயக்காமல் ஈரப்பதத்தை வைத்து இயக்கலாம். பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் தன் பழைய மாளிகைகளில் பல ஆண்டுகளாகச் செய்வது இதுதான். அறையில் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் ஈரப்பதத்தை அளக்கும் ஹியூமிடிஸ்டாட் இருக்கும். ஈரம் ஏறினால் ஹீட்டிங் ஓடும், இறங்கினால் நிற்கும். அறை வெளியைவிட ஒரு சில டிகிரி மட்டுமே சூடாக இருக்கும்; ஆள் உட்கார்ந்து படிக்க அது போதாது, புத்தகங்கள் பூசணம் பிடிக்காமல் இருக்கப் போதும். ஜெர்மனியின் பவேரியாவில் ஹென்னிங் குரோசெஷ்மிட் வளர்த்தெடுத்த 'டெம்பரியருங்' முறை இன்னொரு வழி. வெளிச்சுவரின் அடியில், பூச்சுக்குள், தொடர்ந்து வெதுவெதுப்பான குழாய் ஒன்று ஓடும். சுவரே லேசாகச் சூடாகி உலர்ந்து இருக்கும். பல அருங்காட்சியகங்களில் இது நன்றாக ஓடுகிறது. ஆனால் பூச்சை வெட்ட வேண்டும். பழைய பூச்சு மதிப்புள்ளதாக இருந்தால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மண்டபம்தான் சுவாரசியமான பகுதி. உயரமான மண்டபத்தில் வாரம் ஒருமுறை கூட்டம். அதற்காகக் காலையில் சூடான காற்றை ஊதி மொத்த மண்டபத்தையும் 20 டிகிரிக்கு ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சூடான காற்று நேரே கூரைக்குப் போகும், கீழே உட்கார்ந்திருப்பவருக்குக் கால் விறைக்கும். கல் சுவர் இன்னும் ஜில்லென்று இருப்பதால், கூட்டத்தின் மூச்சிலிருந்து வரும் நீராவி அதில் போய்ப் படியும். மேலேறும் காற்றோடு புழுதியும் புகைக்கரியும் போய்க் குளிர்ந்த சுவரில் ஒட்டும்; கூரை ஓவியங்கள் கறுப்பதற்கு இது முக்கியமான காரணம். கூட்டம் முடிந்ததும் எல்லாம் மறுபடி குளிர்ந்து ஈரம் ஏறும்.

தேவாலயங்கள் இந்தச் சிக்கலோடு நூற்றாண்டுக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கின்றன என்பதால் நமக்குக் கற்க நிறைய இருக்கிறது. இத்தாலிய ஆல்ப்ஸில் ரோக்கா பியெத்தோரே என்ற ஊரின் தேவாலயத்தில், 2000-களின் முற்பகுதியில் ஐரோப்பிய ஒன்றிய ஆதரவில் ஓர் ஆய்வு நடந்தது. சூடான காற்று ஊதும் முறையை விட்டுவிட்டு, இருக்கைகளுக்கு அடியிலும் முழங்கால் அருகிலும் மெல்லிய மின் வெப்பத் தகடுகளைப் பொருத்தினார்கள். உட்கார்ந்திருப்பவருக்குக் கதகதப்பு, பலிபீடத்தின் மரச் சிற்பங்களுக்கு எந்த மாற்றமும் தெரியாது. வழிபாட்டிடங்களின் வெப்பமூட்டலுக்கென்றே 2011-இல் ஈ.என். 15759-1 என்ற விதியும் வந்தது. உங்கள் மண்டபத்திலும் இதையே செய்யலாம்: அடிப்படையாக 8 முதல் 12 டிகிரி, ஈரப்பதத்தைக் காக்க மட்டும். கூட்டம் நடக்கும் நேரத்தில் இருக்கையடித் தகடு, சூடான மெத்தை அல்லது விளக்குத் தொங்கலோடு சேர்ந்த அகச்சிவப்பு ஹீட்டர். அகச்சிவப்பு வகையை வைப்பதாக இருந்தால் அது ஓவியத்தையோ மரவேலைப்பாட்டையோ நேராகப் பார்க்காத கோணத்தில் இருக்க வேண்டும். 'மண்டபம் முழுக்கச் சூடாக இருக்க வேண்டும்' என்று யாராவது அடம்பிடித்தால், காற்றின் சூட்டை மணிக்கு ஒரு டிகிரி, மிஞ்சினால் ஒன்றரை டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய இரவே தொடங்க வேண்டியிருக்கும். செலவைப் பார்த்ததும் பாதிப் பேர் மெத்தைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

அடுத்து வெப்ப இழப்புக் கணக்கு. ஒப்பந்தக்காரர் கணினியில் 'கல் சுவர், காப்பு இல்லை' என்று தேர்ந்தெடுத்தால் மென்பொருள் ஒரு மோசமான எண்ணைப் போடும். பெரிய இயந்திரம் வேண்டும் என்று முடிவு வரும். கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் பழைய கட்டடங்களில் வெப்பப் பாய்வுமானி வைத்து நேரடியாக அளந்தபோது, பெரும்பாலான சுவர்கள் கணக்கில் வருவதைவிட நன்றாகவே வெப்பத்தைக் காத்தன. கல்லுக்கு நடுவில் சாந்தும் சில்லும் காற்றிடைவெளியும் கலந்து இருப்பது ஒரு காரணம். பிரிட்டனின் அதிகாரபூர்வக் கணக்கு முறையிலும், காப்பு இல்லாத திடமான செங்கல் சுவருக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வெப்ப இழப்பு மதிப்பை ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 2.1 வாட்டிலிருந்து 1.7-ஆகப் பின்னர் இறக்கினார்கள். ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம்! அவ்வளவு பெரிதாக இயந்திரம் வாங்கினால் அது அடிக்கடி ஓடி நின்று, ஓடி நின்று சீக்கிரம் தேயும். அதனால் அளக்கச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் சுவருக்கு இரண்டு வாரம் மானி வைத்தால் போதும். அதோடு, கடந்த மூன்று குளிர்காலத்தின் எண்ணெய்க் கணக்கையும் எடுத்துக் கொடுங்கள். எந்த மென்பொருளையும்விட அது நம்பகமானது.

கட்டடத்தின் உடம்பைச் சரிசெய்வது பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாக முடிக்கிறேன். முதலில் மழைநீர்க் குழாய்கள், கூரை ஓரத்து வாய்க்கால்கள். நனைந்த சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கூரை ஒழுகும்போது ஹீட் பம்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. கல் இடுக்குகளில் பிற்காலத்தில் யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைப் படிப்படியாக எடுத்துச் சுண்ணாம்புச் சாந்துக்கு மாற்றுங்கள். பிறகு கூரைக்குக் கீழே காப்பு, ஜன்னல் இடுக்குகளுக்கு அடைப்பு. பழைய மரச் ஜன்னலைக் கழற்றி எறிய வேண்டாம். மேலே சொன்ன அதே பல்கலைக்கழகம் ஒற்றைக் கண்ணாடிச் ஜன்னலில் அளந்து பார்த்ததில், இரவில் உள்பக்க மரக் கதவுகளைச் சாத்தினால் கண்ணாடி வழியே போகும் வெப்பம் 51 சதவீதம் குறைந்தது. உள்பக்கம் இரண்டாவதாக ஒரு கண்ணாடிச் சட்டம் வைத்தால் 63 சதவீதம். உங்கள் ஜன்னல்களில் அந்த மரக் கதவுகள் வண்ணம் பூசி ஒட்டிப்போய், பக்கவாட்டுப் பெட்டிக்குள் மடிந்து கிடக்கலாம். தட்டிப் பாருங்கள். அடைத்த புகைபோக்கிகளின் மேலும் கீழும் சின்னக் காற்றோட்டத் துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் சேரும்.

சுவரின் உள்பக்கம் காப்புப் பலகை ஒட்டச் சொல்லி யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். காப்பு போட்டதும் கல் குளிர்ந்துவிடும்; அறையின் நீராவி காப்பைத் தாண்டிப் போய்க் கல்லில் படியும். மரத் தளத்தின் உத்தரங்களின் முனைகள் அந்தக் குளிர்ந்த ஈரமான கல்லுக்குள்தான் செருகியிருக்கின்றன. பத்து ஆண்டு கழித்துத் தளம் தொய்யும்போதுதான் விஷயம் தெரியவரும்.

சரி, ரேடியேட்டர்கள். என் கருத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்குப் பரப்பு அதிகம், தண்ணீர்க் கொள்ளளவும் அதிகம். மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். விரைவாகச் சூடாக வேண்டும் என்பவருக்கு அது குறை, நாள் முழுக்க நிதானமாக ஓடும் அமைப்புக்கு அதுவே பலம். கழற்றி, உள்ளே படிந்த கறுப்புச் சேற்றை அலசி, துண்டுகளுக்கு இடையிலான கேஸ்கெட்டை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து திரும்ப மாட்டலாம். இங்கே ஒரு பொறி உண்டு: உங்கள் பழைய அமைப்பு மேலே திறந்த தொட்டியோடு குறைந்த அழுத்தத்தில் ஓடுவதாக இருக்கலாம். புதிய இயந்திரத்துக்காக அதை மூடிய அமைப்பாக்கி அழுத்தத்தை ஏற்றினால், இத்தனை காலம் கசியாத மூட்டுகள் கசியத் தொடங்கும், அதுவும் பூச்சுக் கூரைக்கு மேலே. பழைய குழாய்ப் பக்கத்தைக் குறைந்த அழுத்தத்திலேயே விட்டுவிட்டு, நடுவில் ஒரு தட்டு வெப்பப் பரிமாற்றி (இரு பக்கத் தண்ணீரும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கடத்துவது) வைத்துப் பிரிக்கலாம். அதற்காக ஓரிரு டிகிரியை இழப்பீர்கள். சேறும் புதிய இயந்திரத்துக்குள் போகாது. குழாயைச் சுற்றி வெள்ளையாகக் கட்டு போட்டிருந்தால் தொடாதீர்கள், ஆஸ்பெஸ்டாஸா என்று ஆய்வகத்தில் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை.

ஹீட்டிங் அமைப்பே வரலாற்றுப் பொருளாக இருப்பதும் உண்டு. ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் 1831-இல் காப்புரிமை பெற்ற உயர் அழுத்த வெந்நீர் முறையில், விரல் தடிமனுள்ள கனத்த இரும்புக் குழாய் கட்டடம் முழுக்கச் சுற்றி வரும். கட்டடக் கலைஞர் ஜான் சோன் லண்டனில் தன் வீட்டில் அதை 1832-இல் போட்டார். அப்படிப்பட்ட குழாயோ அலங்கார இரும்புச் சல்லடையோ தென்பட்டால், ஓடாவிட்டாலும் இருந்த இடத்திலேயே விடுங்கள். பல நேரம் புதிய குழாயைக் கொண்டுபோக, அந்தச் சல்லடைக்குக் கீழே ஓடும் தரைக் கால்வாய்தான் கைகொடுக்கும்.

தரைக்கு அடியில் குழாய்? தரையை வேறு காரணத்துக்காக எடுக்க வேண்டியிருந்தால் மட்டும். இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள பழைய தேவாலயமான பாத் அபே நல்ல உதாரணம். அங்கே தரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான பழைய கல்லறைகள் இருந்ததால் மண் உள்வாங்கித் தரை தொய்ந்துகொண்டிருந்தது. எப்படியும் கல்லையெல்லாம் எடுத்து அடியை உறுதிப்படுத்த வேண்டிய நிலை. அதோடு சேர்த்துக் குழாயைப் பதித்தார்கள். வெப்பம் வருவது பக்கத்து ரோமானியக் குளியலகத்தின் வெந்நீர் ஊற்றிலிருந்து: ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், சுமார் 46 டிகிரியில், காலங்காலமாக ஆற்றில் வீணாகக் கலந்துகொண்டிருந்த தண்ணீர். ரோமானியர் கட்டிய வடிகாலுக்குள்ளேயே வெப்பப் பரிமாற்றிகளை வைத்தார்கள். அந்த ஊற்று உங்களிடம் இல்லை, தரை தொய்வதாகவும் நீங்கள் சொல்லவில்லை. உறுதியான பழைய தரைக்கல்லைப் பெயர்த்தால் சில கற்களாவது உடையும்.

கடைசியாக இயந்திரம். காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப் எளிது; அதன் வெளிப்பெட்டியை எங்கே வைப்பது என்பதுதான் தலைவலி. முகப்பிலிருந்து தெரியக் கூடாது, சத்தம் அண்டை வீட்டுக்குப் போகக் கூடாது. இப்போது வரும் பல இயந்திரங்களில் உள்ளே சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பொருளாக ஆர்290, அதாவது புரொப்பேன் இருக்கிறது. 70 டிகிரி வரைகூடத் தண்ணீர் தர முடியும் என்பதால் பழைய கட்டடங்களுக்கு நல்ல செய்தி. ஆனால் புரொப்பேன் எரியக்கூடியது, காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். நிலவறை ஜன்னலுக்கோ காற்றுக் குழிக்கோ வடிகாலுக்கோ பக்கத்தில் வைக்க முடியாது. பழைய கட்டடத்தைச் சுற்றிப் பார்த்தால் இவைதான் அடிக்கு ஒன்று இருக்கும்.

நிலத்திலிருந்து எடுப்பது நிதானமானது, வெளியே எதுவும் தெரியாது. ஆனால் தோண்டுவதற்குத் தொல்லியல் அனுமதி வேண்டியிருக்கும். நீளமாக அகழி வெட்டுவதைவிட ஆழமாகத் துளையிடுவது பரவாயில்லை. நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயம் நெருக்கமான நகர நடுவில் 10 துளைகளோடு 2017-இல் இதற்கு மாறியது. சில துளைகள் 600 மீட்டருக்கும் ஆழம். பக்கத்தில் ஆறோ ஏரியோ கடலோ இருந்தால் அதையும் விசாரியுங்கள். வேல்ஸில் பிளாஸ் நியூவித் மாளிகை 2014-இல் எதிரே உள்ள கடல் நீரிணையிலிருந்து 300 கிலோவாட் ஹீட் பம்பில் வெப்பம் எடுக்கத் தொடங்கியது. அதற்கு முன் கடுங்குளிர் நாளில் 1,500 லிட்டர் எண்ணெய் வரை குடித்த வீடு அது. மரத்துண்டு பாய்லரை நான் அவ்வளவாக ஆதரிப்பதில்லை: எரிபொருள் கிடங்கு வேண்டும், லாரி வந்து போக வழி வேண்டும், பழைய புகைபோக்கிக்கு உள்ளுறை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் கட்டடத்துக்குள் மறுபடியும் நெருப்பு. முழுத் தேவையையும் ஹீட் பம்பால் தர முடியாவிட்டால் பழைய பாய்லரைச் சில காலம் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். மிகக் குளிரான சில நாட்களுக்காக இயந்திரத்தை இரட்டிப்பாக வாங்குவதைவிட அது புத்திசாலித்தனம்.

எதை வாங்கினாலும் இரண்டு விஷயம் முதலிலேயே பார்க்க வேண்டும். கட்டடத்துக்கு வரும் மின் இணைப்பு அந்தச் சுமையைத் தாங்குமா? கூடுதல் சுமைக்கு விண்ணப்பித்தால் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். அடுத்து, 500 லிட்டர் வெந்நீர்த் தொட்டி என்றால் அரை டன்னுக்கு மேல். அதை மேல்தள மரத் தரையில் வைக்கும் முன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்தாக வேண்டும்.

தீயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1834 அக்டோபர் 16 அன்று லண்டனின் பழைய நாடாளுமன்றம் எரிந்ததே ஹீட்டிங் அடுப்பால்தான்: பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் முன்பு கணக்குக் குறித்து வைக்கப் பயன்பட்ட மரக் குச்சிகளை அளவில்லாமல் போட்டு எரிக்க, சுவருக்குள் ஓடிய புகைவழி பழுக்கக் காய்ந்துவிட்டது. இன்று அடுப்பைவிட ஆபத்து வேலையாட்களின் கையிலிருக்கும் பற்றவைக்கும் தீச்சுடர்க் கருவியில். 1989-இல் இங்கிலாந்தின் அப்பார்க் மாளிகை, கூரையில் ஈயத் தகடு பற்றவைத்தபோது தீப்பிடித்து உட்புறம் பெருமளவு அழிந்தது. பழுதுபார்ப்பு முடியும் தறுவாயில்தான் அது நடந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: கட்டடத்துக்குள் தீச்சுடர் வேலை கிடையாது, குழாய் மூட்டுகள் எல்லாம் அழுத்திப் பொருத்தும் வகை. பழைய ரேடியேட்டர் வால்வு இறுகிப்போய்ச் சூடுகாட்ட வேண்டியிருந்தால் அதை வெளியே எடுத்துப்போய்ச் செய்யட்டும்.

அனுமதி வாங்கும்போது அதிகாரிகள் முக்கியமாகக் கேட்பது, நாளை இதையெல்லாம் கழற்றினால் கட்டடம் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதுதான். அதற்கேற்பத் திட்டமிடுங்கள். துளை போட வேண்டிய இடத்தில் கல்லில் போடாமல் சாந்து இடுக்கில் போடுங்கள். குழாய்களை அடைத்த புகைபோக்கி வழியாகவும் தரைப்பலகைக்கு அடியிலும் கொண்டுபோங்கள். உத்தரங்களைச் செதுக்க யாரையும் விடாதீர்கள். 2017-இல் வந்த ஈ.என். 16883 என்ற வழிகாட்டு விதி, பழைய கட்டடத்தின் ஆற்றல் மேம்பாட்டை எப்படிப் படிப்படியாக மதிப்பிடுவது என்று சொல்கிறது. விண்ணப்பத்தை அந்த வரிசையில் எழுதினால் கேள்விகள் குறையும்.

அப்புறம், ஒப்பந்தக்காரரின் பொறுப்பு பொருத்திய அன்று முடிந்துவிடக் கூடாது. இரண்டு குளிர்காலம் வரை வந்து, லாகர் பதிவுகளைப் பார்த்துத் தண்ணீர்ச் சூட்டைத் திருத்தித் தர வேண்டும் என்று எழுதுங்கள். இறுதித் தவணையில் ஒரு பகுதியை அதற்காகப் பிடித்து வையுங்கள். முதல் ஆண்டு அறைகளை ஒரேயடியாக 21 டிகிரிக்குக் கொண்டுபோகாமல், இலையுதிர்காலத்திலேயே தொடங்கி வாரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றுங்கள். பழைய பாய்லரை அந்தக் குளிர்காலம் முடியும்வரை கழற்ற வேண்டாம். இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே: லாகர்களை வைப்பது, மின் நிறுவனத்துக்குக் கூடுதல் சுமை கேட்டு எழுதுவது. 55 டிகிரிச் சோதனை முடிந்ததும் அறைவாரியான எண்களை அனுப்புங்கள். எந்தெந்த ரேடியேட்டரை மாற்ற வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.